வாசலில் எடுத்த படங்கள்

பாங்கொக்
22 ஓகஸ்ட் 2010

அன்புள்ள மர்கரீத் அக்காவுக்கு,

மடு மாதாவின் காவலில் உங்கள் தங்கச்சி சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அத்தானுக்குச் சமையலறைச் சூட்டில் வருகிற அந்தத் தும்மல் நின்றுவிட்டதா? உங்கள் மகள் செலின் என் தோள் உயரத்துக்கு வந்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

போனில் கதைத்தால் காட் காசு பாதியில் முடிந்துவிடுகிறது. அதோடு இந்த அறையில் நாங்கள் ஐந்து பெண்கள். ஒருத்தி கதைத்தால் மற்ற நாலு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன். பதிலை இங்குள்ள மாதா கோயில் விலாசத்துக்குப் போடுங்கள், சிஸ்டர்மார் எடுத்து வைப்பார்கள். பாரிசில் இராயப்பு அண்ணையின் குழு சேர்த்து அனுப்புகிற உதவியில் மாதாமாதம் அரிசி, பருப்பு, டின் மீன் தருவதும் அவர்கள்தான். அண்ணைக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

படம் ஒன்று வைத்திருக்கிறேன். எனக்குப் பின்னால் தெரிவது வாட் அருண் என்கிற கோயில். ஆற்றின் மறுகரையில் இருக்கிறது, படகில்தான் போனோம். தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பல் நிறக் குவியல் போலத்தான் தெரியும். கிட்டப் போனால் கோபுரம் முழுக்கப் பீங்கான் துண்டுகள். பூப் போட்ட கோப்பைகளையும் தட்டுகளையும் உடைத்துப் பதித்திருக்கிறார்கள். வெயில் ஏற ஏற ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக மினுங்கியது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

படம் எடுத்தவள் தாட்சாயினி, கொக்குவில் பெண். நாங்கள் இருவரும் ஒரே பாயில் படுக்கிறோம். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அவளுடையவை. “சிரியடி, செத்த வீட்டுக்கு வந்தவள் மாதிரி நிக்கிறாய்” என்றாள். அதுதான் அந்தச் சிரிப்பு.

ஐ.நா. அலுவலகத்தில் அகதியாகப் பதிந்துவிட்டேன். அவர்கள் கூப்பிடும்வரை பொழுதைப் போக்க வேண்டியதுதான்.

அத்தானுக்கும் செலினுக்கும் என் அன்பு.

உங்கள் துஷ்யந்தி


பாரிஸ்
12 செப்ரெம்பர் 2010

அன்புள்ள தங்கச்சி துஷ்யந்திக்கு,

கடிதமும் படமும் கிடைத்தன. நாங்கள் மூவரும் உயிரோடு இருக்கிறோம். முழங்கால் அப்படியேதான். குனிந்து தரை துடைக்கிறவளுக்கு அது எப்படிக் குறையும்?

விடிய முன்னமே எழும்பி, வெள்ளைக்காரர் வந்து உட்காருவதற்குள் இரண்டு மாடி அலுவலகத்தைத் துடைத்து முடிக்கிறேன். பிறகு லா சப்பலுக்கு ஓடி வந்து சாறிக்கடையில் நிற்கிறேன். ஒருத்தி முப்பது சேலையை விரிக்கச் சொல்லிவிட்டு, “பிறகு வாறன் அக்கா” என்று போவாள். அதை மடித்து முடிப்பதற்குள் அடுத்தவள் வருவாள். எனக்குப் பொழுது போகவில்லை என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

உன் படத்தை அத்தான் பிறிட்ஜில் ஒட்டியிருக்கிறார். பால் எடுக்கப் போனாலும் நீ, தண்ணீர் எடுக்கப் போனாலும் நீ. நேற்று அதைப் பார்த்துக்கொண்டே, “உம்மடை தங்கச்சி சிரிச்சால் எவ்வளவு வடிவு. உமக்கு மட்டும் ஏன் அந்தச் சிரிப்பு வரேல்லை?” என்று கேட்டார். வேலைக்குப் போக நேரமாகிவிட்டது என்று சொன்னேன்.

நான் வந்த வழி உனக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. மொஸ்கோவில் ஒரு மாரிகாலம் முழுக்க ஏஜென்சிக்காரன் ஓர் அறையில் வைத்துப் பூட்டினான். ஜன்னல் சீலையை விலக்கவும் விடவில்லை. அந்த ஊரில் ஒரு கோபுரத்தைக்கூட நான் கண்ணால் காணவில்லை. நீ தொப்பி போட்டுக்கொண்டு படகில் போகிறாய். காலம் மாறிவிட்டது, நல்லது.

தொப்பி உனக்குப் பொருந்தவில்லை. விசா எப்போது முடிகிறது என்று எழுது.

அம்மாவுக்கு மன்னாருக்குப் பிரதி ஒன்று அனுப்பிவிட்டேன். அங்கே தெருவுக்கெல்லாம் காட்டுகிறாவாம்.

இப்படிக்கு
உன் அக்கா மர்கரீத்


பாங்கொக்
3 ஒக்ரோபர் 2010

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் முழங்காலுக்கு இங்கே ஒரு பச்சைத் தைலம் விற்கிறார்கள், மணமே வலியை விரட்டும். யாராவது பாரிசுக்கு வந்தால் கொடுத்து விடுகிறேன்.

இந்த முறை இரண்டு படங்கள். போன கிழமை இரண்டு தரம் வெளியே போக வேண்டி வந்தது. முதல் படத்தில் இருப்பது அரண்மனையின் வெள்ளை மதில். மதிலுக்கு மேலால் தங்கக் கூரைகள் தெரிகின்றன, பாருங்கள். தோளை மூடாமல் வந்தவர்களுக்கு வாசலில் துணி கொடுக்கிறார்கள். பெரிய பெரிய வெள்ளைக்கார ஆம்பிளைகள் பூப் போட்ட சாரத்தைச் சுற்றிக்கொண்டு வருகிறார்கள். தாட்சாயினிக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. கூட்டமாக இருந்ததால் நாங்கள் உள்ளே போகவில்லை.

மற்றது வாட் போ கோயில் வாசல். உள்ளே மிகப் பெரிய புத்தர் படுத்திருக்கிறார். கதவிடுக்கால் பாதத்தை மட்டும் கண்டேன், பாதமே ஒரு வீட்டுச் சுவர் அளவு. எனக்குத் தெரிந்த புத்தர் எல்லாம் வன்னியில் ஆமிச் சென்றிக் காவலரணுக்குப் பக்கத்தில் அரச மரத்தடியில் இருந்தவர்கள்தான். இவர் தலைக்குக் கை கொடுத்துப் படுத்துக்கொண்டு சிரிக்கிறார். ஒரு கோபமும் வரவில்லை, அக்கா. அது எனக்கே புதினமாக இருந்தது.

அந்தி வரை ஆற்றங்கரையில் இருந்துவிட்டுத் திரும்பினோம். வழியில் லும்பினி என்கிற பூங்காவில் கொஞ்ச நேரம் இருந்தோம். முதலையின் தம்பி போல ஒரு பிராணி தண்ணீரிலிருந்து ஏறி, எங்கள் கால்மாட்டால் நடந்து போனது. ஒருவரும் அதை ஏன் என்று கேட்கவில்லை.

விசாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதைப் பிறகு எழுதுகிறேன்.

செலினுக்குத் தனியாக ஒரு சின்னக் கடிதம் உள்ளே வைத்திருக்கிறேன்.

அன்புடன்
துஷ்யந்தி


பாரிஸ்
14 நவம்பர் 2010

அன்புள்ள துஷ்யந்திக்கு,

குளிர் தொடங்கிவிட்டது. அத்தானுக்குத் தடிமன், மூக்கு ஒழுகுகிறது. மற்றப்படி குறை சொல்ல ஒன்றும் இல்லை. நீ வெயிலில் இருக்கிறாய், உனக்குத் தடிமன் வராது.

செலினுக்கு நீ எழுதின கடிதத்தை அவள் எனக்கு வாசித்துக் காட்டவில்லை. தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறாள். தமிழ் எழுத்தைக் கண்டாலே முகத்தைச் சுளிக்கிற பிள்ளை, அகரவரிசைப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உன் எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசிக்கிறாள். ஆறு வருசம் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போன எனக்குக் கிடைக்காத மரியாதை அது.

இன்னொன்றும் நடந்தது. அவளின் வகுப்பில், குடும்பத்தில் ஒருவரைப் பற்றி எல்லோருக்கும் முன்னால் பேச வேண்டுமாம். அவள் உன்னைப் பற்றிப் பேசினாள். உன் மூன்று படங்களையும் பெரிதாக்கிக் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டிப் பேசினாளாம். ரீச்சர் என்னைக் கண்டதும் கையைப் பிடித்து, “உங்கள் தங்கைக்கு என்ன துணிச்சல், என்ன அழகு!” என்று பிரெஞ்சில் புகழ்ந்தா. நான் மெட்ரோவில் வரும்போது செலினைக் கேட்டேன்: “ஏன் பிள்ளை, அம்மாவைப் பற்றிப் பேச ஒண்டும் இல்லையோ?” அவள் பிரெஞ்சிலேயே பதில் சொன்னாள். நீங்கள் என்ன செய்கிறீர்கள், வேலைக்குப் போகிறீர்கள், அவ்வளவுதானே என்றாள். பிழையாகச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு மூவரும் ஈபிள் கோபுரத்துக்குப் போனோம். பாரிசுக்கு வந்து இத்தனை வருசத்தில் நான் அதைத் தூரத்தில் கண்டதோடு சரி. அத்தான், “இந்தக் குளிருக்கை உமக்கு என்ன விசரோ?” என்று முணுமுணுத்தபடி வந்தார். நான் பச்சைக் காஞ்சிபுரத்தைக் கட்டி மேலே கோட்டைப் போட்டு, படம் எடுக்கும்போது கோட்டைக் கழற்றிவிட்டு நின்றேன். படம் உள்ளே இருக்கிறது. கோபுரம் முழுதாகத் தெரிகிறது. அறையில் எங்கேயாவது ஒட்டிவை, உன் சிநேகிதிகளும் பார்க்கட்டும்.

இராயப்பு அண்ணை பூசை முடிந்து உன்னை விசாரித்தார். குழுக் கூட்டத்தில் உன் படங்களைக் காட்டினேன். நீ நன்றாக இருக்கிறாய் என்று சொன்னேன். எல்லோருக்கும் சந்தோஷம்.

இப்படிக்கு
மர்கரீத்


பாங்கொக்
9 ஜனவரி 2011

அன்புள்ள அக்காவுக்கு,

நத்தார் வாழ்த்தும் புதுவருட வாழ்த்தும் பிந்தி வருகின்றன. நான் சுகம். நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

ஈபிள் கோபுரப் படத்தைக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறோம். பச்சைச் சேலை உங்களுக்கு எடுப்பாக இருக்கிறது. குளிரில் உதடு நீலமாகத் தெரிகிறது, அதையும் தாட்சாயினி கண்டுபிடித்துவிட்டாள்.

உங்களிடம் ஒரு உதவி. போன மாதமும் இந்த மாதமும் சிஸ்டர்மார் சாமான் கொடுத்தபோது எனக்குரிய பை வரவில்லை. பாரிசிலிருந்து என் பெயரை நிறுத்தச் சொல்லிவிட்டார்களாம். மற்ற நாலு பேருக்கும் வருகிறது. அவர்கள் எனக்குப் பங்கு தருகிறார்கள், ஆனால் எத்தனை நாளைக்கு வாங்குவது? இராயப்பு அண்ணையிடம் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். ஏதாவது தவறு நடந்திருக்கும். நீங்கள் சொன்னால் அவர் கேட்பார்.

இந்த முறை படம் இல்லை.

அன்புடன்
துஷ்யந்தி


பாரிஸ்
6 மார்ச் 2011

அன்புள்ள துஷ்யந்திக்கு,

பதில் பிந்திவிட்டது. கடையில் கலியாணச் சீசன், மூச்சுவிட நேரமில்லை. எல்லோரும் சுகம்.

இராயப்பு அண்ணையைப் பார்க்கப் போனேன். ஆள் இல்லை. லண்டனுக்குப் போயிருக்கிறாராம். வந்ததும் கேட்கிறேன். இப்படியான குழுக்களில் பெயர்கள் வருவதும் போவதும் வழக்கம்தானே. மனத்தைப் போட்டு உழப்பாதே.

செலின் உன்னிடமிருந்து ஏன் படம் வரவில்லை என்று ஒவ்வொரு நாளும் தபால்பெட்டியைத் திறந்து பார்க்கிறாள். வேறு புதினம் இல்லை.

மர்கரீத்


பாங்கொக்
17 ஏப்ரல் 2011

மதிப்புக்குரிய மர்கரீத் அக்காவுக்கு,

நீங்களும் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டும். நான் தாட்சாயினி. துஷ்யந்தியோடு ஒரே அறையில் இருப்பவள். உங்களுக்கு என்னைத் தெரியாது, ஆனால் உங்களிடம் வந்த படங்கள் எல்லாம் நான் எடுத்தவை.

துஷ்யந்தியைப் பொலிஸ் பிடித்துவிட்டது. குடிவரவுத் தடுப்பில் வைத்திருக்கிறார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஐ.நா. அட்டை இருப்பதால் நாட்டுக்குத் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்று சொல்கிறார்கள். எப்போது விடுவார்கள் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

அவள் உங்களுக்கு எழுதாத சிலவற்றை நான் எழுத வேண்டும். எங்கள் ஒருவருக்கும் விசா இல்லை, முடிந்து கனகாலம். இந்த நாட்டில் ஐ.நா. அட்டையைக் காட்டினாலும் பொலிஸ் பிடிக்கும். அவர்கள் மாடி மாடியாகத் தேடி வருகிற நாட்களில் கீழே நிற்கும் காவலாளி எங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார். உடனே இருக்கிறதில் நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு ஓடுவோம். இந்தியாவிலிருந்து சுற்றிப் பார்க்க வருகிற ஆட்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிற இடங்கள்தான் எங்களுக்குப் பாதுகாப்பு. அரண்மனை வாசல், கோயில் வாசல், ஆற்றங்கரை. தொப்பி போட்டு, கண்ணாடி போட்டு, படம் எடுத்துக்கொண்டு நின்றால் ஒருவரும் எங்களைப் பார்க்கமாட்டார்கள். உள்ளே போக ரிக்கற் எடுக்க வேண்டும், அதனால் வாசலிலேயே நிற்போம். இருட்டினதும் திரும்புவோம். அந்தப் படங்கள் எல்லாம் அப்படிப்பட்ட நாட்களில் எடுத்தவை.

மார்கழியில் அவளுக்குரிய சாமான் நின்றது. வசதியாக ஊர் சுற்றுகிறவளுக்கு ஏன் உதவி என்று பாரிசில் யாரோ சொன்னார்களாம். யார் என்று எனக்குத் தெரியாது. எங்கள் பங்கில் சாப்பிட அவளுக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் கோப்பை கழுவப் போனாள். விடிய முன்னமே போய்விடுவாள். போன கிழமை காவலாளி சொன்னதும் நாங்கள் நாலு பேரும் ஆற்றங்கரைக்கு ஓடித் தப்பிவிட்டோம். அவள் வேலையில் நின்றாள். பொலிஸ் அங்கேதான் போனது.

கடிதம் கொடுத்தால் கோயில் சிஸ்டர் உள்ளே கொண்டுபோய்க் கொடுப்பா. உங்கள் எழுத்தைக் கண்டால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.

இப்படிக்கு
தாட்சாயினி


பாரிஸ்
8 மே 2011

என் தங்கச்சிக்கு,

சுகமா என்று இந்த முறை கேட்க வெட்கமாக இருக்கிறது.

தாட்சாயினியின் கடிதம் கிடைத்த அன்று கடையில் ஒரு சேலையைக்கூட ஒழுங்காக மடிக்க முடியவில்லை. முதலாளி அம்மா, “மர்கரீத், உமக்குக் காய்ச்சலோ? வீட்டை போம்” என்று அனுப்பிவிட்டா. வீட்டுக்குப் போகாமல் இராயப்பு அண்ணையின் கடைக்குப் போனேன். அங்கே கதைத்தது அவருக்கும் எனக்கும் இடையில் இருக்கட்டும். அடுத்த மாதத்திலிருந்து உன் பெயருக்குரிய பை வரும். உள்ளே உனக்கு அனுப்ப முடியாததைத் தாட்சாயினிக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

மொஸ்கோவில் பூட்டின அறையில் இருந்தவள் நான். உன் படங்களைப் பார்த்ததும் விளங்கியிருக்க வேண்டும். எல்லாப் படத்திலும் நீ வாசலிலேயே நிற்கிறாய்.

விடுமுறை கேட்டிருக்கிறேன். பிரெஞ்சுப் பாஸ்போட் இருக்கிறது. வருகிறேன்.

அக்கா


பாங்கொக்
10 ஜூலை 2011

அன்புள்ள செலினின் அப்பாவுக்கு,

நான் சுகமாக வந்து சேர்ந்துவிட்டேன். இந்த வெக்கையில் முழங்கால் வலி இல்லாமல் போய்விட்டது. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். செலினைக் குளிர்பானம் குடிக்க விடாதீர்கள்.

ஹோட்டலில் தங்கவில்லை. தாட்சாயினியின் பாயில், துஷ்யந்தி படுத்த பாதியில் படுக்கிறேன்.

தடுப்பில் அவளைப் பார்த்தேன். இரண்டு கம்பி வேலிகள், நடுவில் ஓர் ஆள் நடக்கிற அளவு இடைவெளி. அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவதால் பாதி காதில் விழாது. தலைமுடியைக் கழுத்துவரை வெட்டியிருக்கிறாள். தோள் எலும்பு தெரிகிறது. என்னைக் கண்டதும், “அக்கா, செலின் எப்பிடி இருக்கிறாள்?” என்று கத்தினாள். பிறகு, “தாட்சாயினியின்ரை இருமல் நிண்டுட்டுதோ? அவள் சாப்பிடுறாளோ? தனியப் படுக்கப் பயப்பிடுவாள்” என்று தொடங்கினாள். விசா இல்லாததால் தாட்சாயினிக்கு அங்கே வர முடியாது. எனக்குக் கிடைத்த நேரத்தில் பாதி தாட்சாயினிக்குச் சேதி சொல்வதிலேயே போய்விட்டது. இத்தனை கடல் தாண்டி வந்தவள் நான். என் முழங்காலைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வேலிக்கு முன்னால் நின்றும் எனக்கு எரிந்தது. உங்களிடம் மறைத்து என்ன செய்ய?

வெள்ளிக்கிழமை காலை காவலாளி வந்து கதவில் தட்டினான். எல்லோரும் துள்ளி எழும்பினார்கள். “அக்கா, உங்களிட்டைப் பாஸ்போட் இருக்கு. நீங்கள் இஞ்சை இருங்கோ” என்று தாட்சாயினி சொன்னாள். எனக்கு இருக்க முடியவில்லை. அவர்களோடு நானும் படிகளில் இறங்கி ஓடினேன். ஒருத்தி செருப்பை மாறிப் போட்டுக்கொண்டு வந்தாள். பஸ் ஏறி, படகு ஏறி, அந்தப் பீங்கான் கோயிலுக்கு வந்தோம். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு கூட்டம் வாசலில் நின்றது. அவர்களுக்குள் புகுந்து நின்றோம். ஒரு அம்மா என்னைப் பார்த்து, “நீங்க எந்த டூர்ல வந்திருக்கீங்க? சாப்பாடெல்லாம் பரவாயில்லையா?” என்று கேட்டா. நல்ல சாப்பாடு என்றேன். 

தாட்சாயினி தன் தொப்பியை என் தலையில் வைத்துவிட்டுக் கமராவைத் தூக்கினாள். தூரத்தில் ஒரு பொலிஸ்காரன் எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். “சிரியுங்கோ அக்கா, கெதியாச் சிரியுங்கோ” என்றாள். சிரித்தேன்.

படத்தை இதோடு வைத்திருக்கிறேன். பார்த்தால் உல்லாசப் பயணம் வந்தவளைப் போலத்தான் இருக்கிறேன். செலினுக்குக் காட்டுங்கள். வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பொலிஸ்காரன் போன பிறகு திரும்பிக் கோயிலைப் பார்த்தேன். அவள் எழுதினது பொய் இல்லை. அது மினுங்கத்தான் செய்கிறது.

அன்புடன்
மர்கரீத்


பேர்கன், நோர்வே
4 மார்ச் 2012

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த ஊரில் மழை ஓய்வதில்லை. மற்றப்படி நான் சுகம். ஐ.நா. சொல்லித் தடுப்பிலிருந்து என்னை எடுத்த நோர்வேக்காரர் தந்த வீட்டில் ஓர் அறை, சமைக்க ஒரு குசினி. கதவைப் பூட்டித் திறப்பை என் கைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போகிறேன். தாட்சாயினிக்கும் நேர்முகம் முடிந்துவிட்டதாம், நல்ல பதில் வரும் என்று நம்புகிறோம். உங்கள் முழங்கால் எப்படி?

போனில் நாங்கள் ஒவ்வொரு கிழமையும் கதைக்கிறோம். ஆனால் இதை என்னால் போனில் சொல்ல முடியவில்லை.

“ஊர் சுத்திப் பாக்கிறவளுக்கு என்னத்துக்கு அரிசி?” இதுதான் நீங்கள் இராயப்பு அண்ணையின் குழுக் கூட்டத்தில் சொன்னது. பாரிசிலிருந்து எழுதினதைச் சிஸ்டர் என்னிடம் சொல்லும்போது அவவுக்குக் கண் கலங்கிவிட்டது. அது மார்கழி மாதம். இராயப்பு அண்ணையிடம் கேட்டுப் பாருங்கள் என்று ஜனவரியில் உங்களுக்கு எழுதினபோது எனக்கு எல்லாம் தெரியும். நீங்கள் என்ன எழுதுகிறீர்கள் என்று பார்க்கத்தான் அப்படிக் கேட்டேன். அவர் லண்டனுக்குப் போய்விட்டார் என்று எழுதினீர்கள்.

தடுப்பில் இருந்தபோது ஒவ்வொரு நாளும் அந்த வசனத்தை நினைப்பேன். உங்களைத் திட்டுவேன். ஒரு நாள் அப்படித் திட்டிக்கொண்டிருக்கும்போதே, அந்தப் படங்களை நான் ஏன் உங்களுக்கு அனுப்பினேன் என்று யோசித்தேன். அம்மாவின் நிம்மதிக்காக என்று எல்லோரிடமும் சொன்னேன். தாட்சாயினி ஒவ்வொரு இடத்திலும் ஐந்தாறு படம் எடுப்பாள். சிலவற்றில் முகம் பயந்து வெளிறிப்போய் இருக்கும். அவற்றை ஒதுக்கிவிட்டு, மிக நன்றாகச் சிரிக்கிற படமாகத் தேடி எடுத்து உங்களுக்கு அனுப்புவேன். நீங்கள் எரிவீர்கள் என்று தெரியும். எரியட்டும் என்றுதான் அனுப்பினேன். உங்களுக்குப் புருசன், பிள்ளை, பூட்டுப் போட்ட கதவு எல்லாம் இருந்தன. ஒரு சிரிப்பாவது என்னிடம் கூடுதலாக இருக்கட்டும் என்று நினைத்தேன். “தொப்பி உனக்குப் பொருந்தவில்லை” என்று நீங்கள் எழுதின அன்று தாட்சாயினிக்கு வாசித்துக் காட்டிச் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷம்.

நீங்கள் வேலிக்கு முன்னால் வந்து நின்றபோது எதையும் கேட்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் முழங்காலைப் பற்றி வேண்டுமென்றேதான் கேட்கவில்லை.

இன்னொரு விஷயம். கோடை விடுமுறைக்கு என்னிடம் வந்து தங்கலாமா என்று செலின் எனக்கு மின்னஞ்சல் போட்டிருக்கிறாள். தமிழில் எழுதியிருந்தாள், பிழையோடு. உங்களைக் கேட்காமல் அவளுக்கு நான் பதில் எழுதவில்லை.

அன்புடன்
துஷ்யந்தி


பாரிஸ்
15 ஏப்ரல் 2012

அன்புள்ள துஷ்யந்திக்கு,

நாங்கள் சுகம். முழங்கால் இந்த மாதம் பரவாயில்லை. அத்தான் வேறு ரெஸ்ரோரன்ருக்கு மாறியிருக்கிறார், முதலாளி மரியாதையாகக் கதைக்கிறாராம்.

உன் கடிதத்துக்கு நாலு தரம் பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். மன்னிப்பு என்று எழுதினால் நீயும் அதையே எழுத வேண்டிவரும். இருவரும் எழுதிவிட்டு அழுவோம், பிறகு பழையபடி தொடங்குவோம். நீ எழுதினதை வாசித்தேன். எல்லாம் உண்மை. நான் சொன்னதும் உண்மை, நீ அனுப்பினதும் உண்மை. அதை அப்படியே விட்டுவிடுவோம்.

செலினை அனுப்புகிறேன்.

மனம் ஒப்பி அனுப்புகிறேன் என்று நினைக்காதே. அந்தப் பிள்ளை எனக்குத் தமிழில் ஒரு வரி எழுதியதில்லை. நீ சம்மதிக்க வேண்டுமே என்று ஒரு கிழமையாகப் பூசைக்கு வருகிறாள். இங்கே நான் சோறு போட்டு, உடுப்பு மடித்து, காய்ச்சலுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்த பிள்ளை அங்கே உன்னோடு மலை ஏறி, படகு ஏறித் திரியப் போகிறாள். திரும்பி வந்து மாரிகாலம் முழுக்க “சின்னம்மா, சின்னம்மா” என்றுதான் கதைப்பாள். எனக்கு எரியும். எரிந்தாலும் அனுப்புகிறேன்.

அவள் முள் உள்ள மீன் சாப்பிடமாட்டாள். குளிரில் காது வலிக்கும், தொப்பி போடச் சொல்லு. பிரெஞ்சில் பதில் சொன்னால் விளங்காத மாதிரி இரு, கொஞ்ச நேரத்தில் தமிழுக்கு வருவாள். இரவில் விளக்கை அணைத்த பிறகுதான் மனத்தில் இருப்பதைக் கதைப்பாள். அந்த நேரத்தில் நான் எப்போதும் களைத்து நித்திரையாகிவிடுவேன். நீ விழித்திரு.

ஜூலை முதல் கிழமை விமானம். உன்னைக் கண்டதும் பெட்டியை விட்டுவிட்டு ஓடிவந்து கட்டிப்பிடிப்பாள். ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் என்னைப் பற்றிக் கதை வரும். அம்மா அப்படி, அம்மா இப்படி என்று குறை சொல்லுவாள். உனக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது, எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லு.

அக்கா
மர்கரீத்